மலையேறும் நண்பருக்குப் பரிசு: ஊசி குத்தும் வரைபடமா, சுரண்டும் அட்டையா, வெறும் நோட்டா?

பிறந்தநாளோ கிறிஸ்துமஸோ நெருங்கும்போது கிளாஸ்கோவில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீட்டில் ஒருவர் சனி ஞாயிறு விடாமல் மலையேறப் போகிறார். ஏறின மலைகளைக் குறித்துவைக்கிற மாதிரி ஏதாவது வாங்கித் தரவேண்டும். எது நல்லது?

இதற்கென்றே விற்கும் பொருள்கள் ஏராளம், எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பரிசுத்தாளைப் பிரிக்கும் நிமிடத்துச் சந்தோஷத்தை வைத்து இவற்றை எடைபோடக் கூடாது. இரண்டு வருடம் கழித்து, ஈரமான பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் களைப்போடு வந்து உட்காருகிறவர், அப்போதும் அதைக் கையில் எடுப்பாரா என்று பாருங்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, நல்ல தாள் வைத்துத் தைத்த ஒரு கெட்டி அட்டை நோட்டு மற்ற எல்லாவற்றையும்விட மேல். யாருக்கு அது சரிப்படாது, அவர்களுக்கு வேறு என்ன வாங்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

எந்தப் பட்டியல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் மலையேறுகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். சர் ஹியூ மன்ரோ 1891-இல் ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்பின் இதழில் வெளியிட்ட பட்டியலில் இருந்து வந்த பெயர் அது. (சென்னையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்ரோ வேறு ஆள். அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர்.) இப்போது பட்டியலில் 282 மன்ரோக்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே 2,500 அடியில் இருந்து 3,000 அடி வரை, எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி இறக்கம் உள்ள மலைகள் கார்பெட்டுகள்.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பட்டியலே வேறு. ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் 1955 முதல் 1966 வரை கையாலேயே எழுதி, படமும் வரைந்து, ஏழு பாகமாக வெளியிட்ட வழிகாட்டியில் இடம்பெற்ற 214 குன்றுகள்தான் அங்கே கணக்கு. உயரத்தை வைத்துப் பிரித்த பட்டியல் அல்ல அது. 978 மீட்டர் உள்ள ஸ்காஃபெல் பைக்கும் அதில் உண்டு, 290 மீட்டரே உள்ள காஸில் கிராகும் உண்டு.

வெயின்ரைட் ஏறுகிறவருக்கு மன்ரோ வரைபடம் வாங்கிக் கொடுத்தால் அது சுவரில் தொங்குமே தவிர, அவருடைய கணக்குக்கு உதவாது. ஆகவே பேச்சுவாக்கில், "இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?" என்று கேட்டுப்பாருங்கள். பட்டியல் வைத்து ஏறுகிறவர் என்றால் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்வார், என்ன பட்டியல் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தால், அவர் மலையை மலைக்காகவே ஏறுகிறவர். அப்படிப்பட்டவருக்கு 282 கட்டம் போட்ட எதையும் வாங்காதீர்கள். வீட்டுப்பாடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பட்டியல் அவ்வப்போது மாறவும் செய்யும். 1997-இல் திருத்தியபோது மன்ரோக்கள் 284 ஆயின. ஒரு மலையைத் துல்லியமாக அளந்து பார்த்ததில் 913.43 மீட்டர்தான் என்று தெரியவர, 2009-இல் அது நீங்கி 283 ஆயிற்று. 2012-இல் இன்னொரு மலை 913.96 மீட்டர் என்று வந்தது. முழங்கால் உயரம்கூடத் தேறாத குறைவு, 44 செ.மீ., அதனால் அதுவும் போய் 282 ஆனது. பழைய சரக்கோ, கைமாறிய பொருளோ வாங்குகிறவர்களுக்கு இது நல்ல அடையாளம். அட்டையில் 284 என்றோ 283 என்றோ போட்டிருந்தால் அது பழைய பட்டியல். அதை வைத்துக் குறிக்கிறவருக்குக் கடைசிவரை கணக்கு இடித்துக்கொண்டே இருக்கும்.

ஊசி குத்தும் வரைபடம்: வெயின்ரைட்டுக்குச் சரி, மன்ரோவுக்கு இடிக்கும்

எல்லோர் மனத்திலும் முதலில் வருவது இதுதான். கார்க் அல்லது நுரைப்பலகைமேல் ஒட்டிச் சட்டம் போட்ட வரைபடம், கூடவே ஒரு டப்பா நிறையக் குண்டூசிகள். ஏறிய மலைக்கு ஒரு நிறம், ஏறாததற்கு இன்னொரு நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பேச்சு தொடங்கும். அந்த வகையில் இதற்கு ஈடான பரிசு வேறு இல்லை.

வாங்குவதற்கு முன் அளவை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மன்ரோக்கள் தெற்கே பென் லோமண்டில் தொடங்கி வடக்கே பென் ஹோப் வரை ஏறத்தாழ 250 கி.மீ. நீளத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. பரவிய விதமும் ஒரே சீராக இல்லை, சில இடங்களில் கொத்துக் கொத்தாக நெருங்கி நிற்கின்றன. ஸ்கை தீவின் கூலின் மலைமுகட்டில் மட்டும், சுமார் 12 கி.மீ.க்குள், 11 மன்ரோக்கள். முழு ஸ்காட்லாந்தையும் ஏ2 தாளில் அச்சடித்தால் அந்த முகடு முழுவதும் ஒன்றரை செ.மீ.தான் வரும். அதில் 11 ஊசி எப்படிக் குத்துவது? ஊசித்தலை 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 11 ஊசிக்கு 3 செ.மீ.க்கு மேல் வேண்டும். தெற்கு க்ளென் ஷீல் முகட்டில் ஒரே நாளில் ஏழு மன்ரோ ஏறிவிட்டுப் பெருமையோடு வீடு திரும்பிய மனிதர், ஏழு ஊசியையும் குத்த இடமில்லாமல் கடலோரத்தில் எங்கோ குத்திவைக்க வேண்டிவரும். எந்த ஊசி எந்த மலை என்பது பிறகு அவருக்கே தெரியாது.

மன்ரோவுக்கு ஊசி வரைபடம்தான் என்று முடிவு செய்திருந்தால், தாழ்நிலமும் ஷெட்லாந்தும் இல்லாமல் மேட்டுநிலத்தை மட்டும் பெரிதாகக் காட்டுகிற வரைபடமாக, ஏ1 அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். கூலினுக்கு மட்டும் ஓரத்தில் தனியாகப் பெரிதாக்கிய படம் இருந்தால் ரொம்ப நல்லது. அதை மாட்ட வீட்டில் சுவர் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி இருக்காது.

லேக் டிஸ்ட்ரிக்ட் கதை வேறு. 214 குன்றுகளும் ஏறக்குறைய 50 கி.மீ. சதுரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதே ஏ2 தாளில் ஒரு செ.மீ.க்கு ஒரு கி.மீ. சொச்சம்தான். ஊசிக்கு ஊசி இடைவெளி இருக்கும், ஏரிகளும் பள்ளத்தாக்குகளும் தெரியும், அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று குடும்பமே வரைபடத்தின் முன்னால் நின்று பேசலாம். வெயின்ரைட் ஏறுகிறவருக்கு வாங்குவதாக இருந்தால் நோட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சுரண்டும் அட்டை குழந்தைகளுக்கு

மலையின் பெயர்மேல் பொன்நிறப் பூச்சு இருக்கும். நாணயத்தால் சுரண்டினால் அடியில் இருக்கும் நிறம் தெரியும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது கிடையாது. கேட்பெல்ஸ் மாதிரி 451 மீட்டர்க் குன்று ஒன்றை ஏறி இறங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் காசைத் தேடி ஓடும். அடுத்த மலைக்கு அழைத்துப் போக அந்த ஆசை ஒன்றே போதும்.

பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. தேதி எழுத இடமில்லை. கை தவறிச் சுரண்டினால் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டாம் முறை ஏறினால் குறிக்க வழியில்லை. ஏற்கெனவே நூற்றைம்பது மலை ஏறியவருக்குக் கொடுத்தால், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பழையதையெல்லாம் சுரண்டவேண்டும். சிலருக்கு அது ஆனந்தமாக இருக்கும், பலருக்கு இருக்காது.

அச்சடித்த பதிவேடும் வெறும் நோட்டும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அச்சடித்த பதிவேட்டில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பக்கமோ அரைப்பக்கமோ ஒதுக்கியிருப்பார்கள். பெயர், உயரம், எந்தப் பகுதி எல்லாம் முன்னமே அச்சாகியிருக்கும். தேதி, வழி, கூட வந்தவர்கள், வானிலை ஆகியவற்றை நாம் நிரப்பவேண்டும். இப்போதுதான் ஏறத் தொடங்கியவருக்கு இது தெம்பு தரும். முழுப் பயணமும் கையில் இருப்பதுபோல இருக்கும், புரட்டப் புரட்ட ஆசை வரும்.

வாங்குமுன் மலைகளை எப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அகரவரிசை என்றால் வேண்டாம். இந்த மலைகளின் பெயர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் இருக்கும். அவற்றில் பென், ஸ்கூர், கார்ன், மியால் என்று தொடங்குபவை கூட்டம் கூட்டமாக வரும். அதோடு ஒரே பெயரில் பல மலைகள் வேறு. கியல் கார்ன் என்ற பெயரில் மட்டும் நான்கு மன்ரோக்கள், கார்ன் ஜெரக் என்று மூன்று. அகரவரிசைப் புத்தகத்தில் இவை அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும், மொனலியா பகுதியில் ஏறியதை பென் ஆல்டர் பக்கத்து மலைக்கு எழுதிவிடுவது சுலபம். பகுதிவாரியாகப் பிரித்த பதிவேடு என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு நாளில் சேர்த்து ஏறக்கூடிய மலைகளும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

ஆனாலும் இதன் அமைப்பிலேயே ஒரு இடைஞ்சல் உண்டு. நாம் மலையேறுவது நாள் கணக்கில். புத்தகம் இருப்பதோ மலைக் கணக்கில். க்ளென் ஷீலில் ஏழு மலை ஏறிய நாளை ஏழு பக்கத்தில் பிய்த்து எழுதவேண்டும். விடியற்காலையில் தலைவிளக்கோடு கிளம்பியது, மூன்றாவது உச்சியில் மூடுபனி விலகியது, கடைசி இறக்கத்தில் முழங்கால் வலித்தது, எல்லாம் ஒரே நாளின் கதை. அதைத் துண்டு போட்டால் வாசிக்கவே தோன்றாது. இன்னொரு பக்கம், பென் லோமண்ட் மாதிரி கிளாஸ்கோவுக்குப் பக்கத்து மலையை வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏறுவோம். முதல் தடவை எழுதியதோடு அந்தப் பக்கம் நிரம்பிவிடும்.

வெறும் நோட்டில் இந்தச் சங்கடங்கள் எதுவும் கிடையாது. மேலே தேதி, கீழே அன்றைக்கு நடந்தது, அவ்வளவுதான். கடைசி நாலைந்து பக்கத்தில் மன்ரோப் பட்டியலை ஒட்டிவைத்து, ஏறியதற்கு எதிரே பக்க எண்ணை எழுதிக்கொண்டால் பட்டியல் கணக்கும் தப்பாது. ஒரு மலைக்குப் பத்து பக்கமும் எழுதலாம், இரண்டு வரியும் எழுதலாம். ரயில் டிக்கெட், கார் நிறுத்திய சீட்டு, சிறு படம் எதுவேண்டுமானாலும் ஒட்டலாம். நம்மவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, தமிழிலேயே எழுதலாம். அச்சடித்த கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் "மேகமூட்டம், காற்று" என்று இரண்டு சொல் எழுதுவதற்கும், அம்மாவிடம் சொல்வதுபோல அன்றைய நாளைத் தமிழில் எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

நோட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஏ5 அளவு போதும். விரித்தால் மேசையில் படியவேண்டும், ஆகவே ஒட்டியதைவிடத் தைத்த கட்டு நல்லது. தாள் கெட்டியாக இருக்கட்டும், மறுபக்கம் மை ஊறக்கூடாது. நனையாத தாள் போட்ட சின்ன நோட்டுகளும் கிடைக்கின்றன, மழையிலும் பென்சிலால் எழுதலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் உச்சிகளில் அடிக்கும் காற்றில் கையுறையைக் கழற்றி நின்று எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் காரில் ஹீட்டரைப் போட்ட பிறகோ, விடுதியில் சூப் குடிக்கும்போதோதான் எழுதுவார்கள். எனவே வீட்டு நோட்டே போதும்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நோட்டை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். கடைசிப் பக்கங்களில் பட்டியலை நீங்களே அழகாக ஒட்டிக் கொடுங்கள். கையால் எழுத முடிந்தால் இன்னும் மேல். 282 பெயர் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அந்த உழைப்பைப் பார்க்கிறவர் நோட்டை அலமாரியில் சும்மா போட்டுவைக்க மாட்டார்.

செயலிகளும் சந்தாவும்

மலைகளைக் குறித்துவைக்கும் வசதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. வாக்ஹைலண்ட்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் ஏறிய மன்ரோக்களைப் பதிந்து வரைபடத்தில் பார்க்கலாம். ஹில் பேகிங் தளத்தில் பிரிட்டனின் பெரும்பாலான பட்டியல்களுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர் இதை முன்பே செய்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே பதிவுக்கென்று காசு கொடுத்துச் செயலி வாங்குவதில் பொருளில்லை.

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடச் சந்தா மட்டும் விதிவிலக்கு. பிரிட்டன் முழுவதற்குமான 1:25,000, 1:50,000 வரைபடங்கள் போனில் வந்துவிடும், போகும் வழியைத் திட்டமிடலாம், நடந்த தடத்தைப் பதியலாம். மலையேறுகிறவருக்கு மெய்யாகவே பயன்படும் பரிசு. ஒரு வருடம் முடிந்ததும் யார் கட்டுவது என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இருப்பதால், காகித வரைபடமும் பையில் இருக்கவேண்டும்.

ஜிபிஎஸ் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். விலை அதிகம், அவரவர் விருப்பமும் வேறுபடும். அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஏற்கெனவே பாதி ஏறியவருக்கு

எண்பது, நூறு ஏறியும் எங்கேயும் எழுதிவைக்காதவர்கள் நிறைய. எத்தனை என்று தோராயமாகச் சொல்வார்கள், தேதி கேட்டால் தெரியாது. அவர்களுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பரிசை நீங்கள் கொடுக்கலாம்: ஒரு மாலை நேரம்.

போனில் எடுத்த புகைப்படங்கள் ஒவ்வொன்றிலும் தேதி பதிந்திருக்கும். இருப்பிட வசதியைப் போட்டு எடுத்திருந்தால் எந்த இடம் என்பதும் இருக்கும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டி, மலைப் பெயரும் தேதியும் நீங்கள் எழுதுங்கள். உச்சியில் எடுத்த படத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நில அளவைத் தூண் தெரிந்தால் கண்டுபிடிப்பது எளிது. 1936-இல் தொடங்கி நாடெங்கும் நட்ட அந்தத் தூண்கள் பலவற்றில் எண் பொறித்த தகடு இருக்கும், படத்தைப் பெரிதாக்கினால் படிக்கலாம். கூடப் போனவர்களுடைய வாட்ஸ்அப் உரையாடல்களும் கைகொடுக்கும். தெரியாத தேதியை ஊகித்து எழுதாமல், "2016 கோடை" என்று தெரிந்தவரைக்கும் எழுதினாலே போதும். அந்த நோட்டு பாதி நிரம்பிய நிலையில் அவர் கைக்குப் போகும்போது, மீதியை எழுத அவருக்குத் தன்னாலே கை வரும்.

முடிக்கப் போகிறவருக்கு

இன்னும் பத்து, பதினைந்துதான் பாக்கி என்றிருப்பவருக்கு வெறுமையான எதையும் கொடுக்காதீர்கள். சுரண்டும் அட்டை, ஊசி வரைபடம், பதிவேடு எதுவுமே அவருக்கு இனி வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் பலரை நிறுத்திவைப்பது ஸ்கை தீவின் இனாக்ஸஸிபிள் பினக்கிள். கயிறு கட்டிப் பாறையேறியே அடையவேண்டிய ஒரே மன்ரோ அது. இறங்குவதும் கயிற்றில்தான். 1919-இல் இறக்கும்வரை ஹியூ மன்ரோவும் அதன்மேல் ஏறவில்லை. பாறையேற்றம் தெரியாத நண்பர் அதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், நாலைந்து பேராகக் காசு போட்டு, தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒருநாள் அமர்த்திக் கொடுங்கள். குறித்துவைக்கும் பொருள் அல்லதான், ஆனாலும் அவர் பட்டியலில் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த ஒரு கட்டம் நிரம்பும்.

முடித்த பிறகு அதிகாரபூர்வமான பதிவும் உண்டு. ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்பில் பட்டியலைப் பராமரிப்பவருக்குக் கடிதம் எழுதினால், பெயரும் முடித்த ஆண்டும் ஒரு வரிசை எண்ணோடு ஏறும். முதல் பெயர் ஏ. இ. ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901. இன்றைக்கு அந்த எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டிவிட்டது. சான்றிதழும் வரும். அதற்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது முடித்தவருக்கு நல்ல பரிசு. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் புகைப்பட ஆல்பம். 282 மலைக்கும் படம் தேடாமல், முதல் மலை, கடைசி மலை, மறக்கமுடியாத இருபது நாள்கள் என்று தேர்ந்தெடுத்து, நோட்டில் இருக்கும் அவருடைய வரிகளையே அடியில் போட்டு அச்சடித்துக் கொடுங்கள். நோட்டு எழுதாதவருக்கு இந்த ஆல்பம் செய்வது கடினம். தொடங்குகிறவருக்கு நோட்டுதான் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மன்ரோப் பெயர்கள் அச்சடித்த கோப்பை, சமையலறைத் துண்டு, மலை வடிவப் பதக்கம் போட்ட சங்கிலி ஆகியவையும் பதிவுப் பரிசுகளின் நடுவில் விற்பனைக்கு வருகின்றன. பிடித்தால் வாங்குங்கள், எதையும் குறித்துவைக்க அவை உதவா. 282 துளை போட்ட மரப்பலகையில் முளை செருகுகிற வகை அழகாக இருக்கும். ஆனால் விலையும் எடையும் கூடுதல், தேதிக்கு இடமும் இல்லை. சொந்த வீடும் பெரிய சுவரும் உள்ளவருக்கு மட்டும் அதை யோசிக்கலாம்.

எந்தப் பட்டியல், எத்தனை ஏறியிருக்கிறார் என்று எதுவுமே தெரியாமல் நாளைக்கே பரிசு கொடுத்தாக வேண்டுமா? ஏ5 கெட்டி அட்டை நோட்டு ஒன்றும், நல்ல பென்சில் இரண்டும் வாங்குங்கள். பட்டியல் ஒட்டவேண்டாம். முதல் பக்கத்தில் அவர் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதி, அவர் கடைசியாக ஏறிய மலை எது என்று கேட்டு அதை முதல் பதிவாக எழுதவையுங்கள்.